பட்டறை ட்யூப்லைட்டை எல்இடிக்கு மாற்றும்போது

சேலத்தில் பட்டறைகளுக்கு வயரிங் செய்வதுதான் என் தொழில். அம்மாப்பேட்டைத் தறிக்கூடமாக இருந்தாலும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையாக இருந்தாலும் லேத் பட்டறையாக இருந்தாலும், இப்போது வருகிற அழைப்பில் பாதி இதுதான்: “ட்யூப்லைட்டை எடுத்துட்டு எல்இடி போட்டுக் குடுங்க.” சிலர் தாங்களே கடையில் எல்இடி ட்யூப் வாங்கி வந்து பழைய பட்டியில் (ட்யூப் மாட்டும் ஃபிட்டிங்) மாட்டிப் பார்த்துவிட்டு, எரியவே இல்லை என்று கூப்பிடுவார்கள். எரிந்தது, ஒரே மாதத்தில் போய்விட்டது என்பவர்களும் உண்டு. வீட்டு வராந்தாவில் ஒரு லைட் போனால் நஷ்டம் அந்த லைட்டோடு முடிந்தது. பட்டறையில் சுற்றுகிற இரும்பும் அதன் பக்கத்தில் கையும் இருக்கின்றன. அதனால் இந்த வேலையை முழுசாகப் புரிந்துகொண்டு செய்யுங்கள்.

எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, நீளக்குழல் ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஒவ்வொன்றாகப் போகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பாதிப் பட்டறை மஞ்சளாகவும் பாதி வெள்ளையாகவும் நிற்கும். ஒரு வரிசையையாவது சேர்த்து மாற்றுங்கள்.

பட்டிக்குள் என்ன இருக்கிறது

பழைய பட்டியின் மூடியைக் கழற்றினால் சோக், ஸ்டார்ட்டர், இரண்டு ஹோல்டர், சிலவற்றில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பேஸ் முதலில் சோக்குக்குப் போகிறது. அங்கிருந்து ட்யூப்பின் ஒரு முனையில் ஒரு முள். அதே முனையின் இன்னொரு முள்ளிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக மறுமுனைக்கு. மறுமுனையின் மிச்சமுள்ள முள் நியூட்ரலுக்கு. ஸ்டார்ட்டர் சேர்ந்து பிரியும்போது சோக் ஒரு உதை கொடுக்கும், ட்யூப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு கரண்ட் எகிறாமல் பிடித்து வைத்திருப்பதும் சோக்தான். எல்இடி ட்யூப்புக்கு இந்த உதையும் வேண்டாம், பிடியும் வேண்டாம். கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் ட்யூப்புக்குள்ளேயே இருக்கிறது.

மாற்றுவதற்கு மூன்று வழி இருக்கிறது. முதல் வழியில் சோக்கை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டார்ட்டருக்குப் பதில் எல்இடி ட்யூப்போடு வரும் டம்மி ஸ்டார்ட்டரைச் செருகுவார்கள். வயரைத் தொடவே வேண்டாம் என்பதால் கடைக்காரர்கள் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. பழைய சோக் சும்மா உட்கார்ந்துகொண்டு ஒன்றிரண்டு வாட்டைத் தின்னும். முறுக்கு தளர்ந்திருந்தால் உறுமும். நாளைக்கு யாராவது டம்மியைப் பிடுங்கிவிட்டுச் சாதா ஸ்டார்ட்டரைச் செருகினால் லைட் எரியாது, காரணமும் யாருக்கும் புரியாது. பட்டியில் எலக்ட்ரானிக் சோக் இருந்தால் இந்த வழி அறவே கூடாது. அது அனுப்பும் உயர் அதிர்வெண் மின்சாரம் டிரைவரை எரித்துவிடும். வாங்கிய ஒரு மாதத்தில் போன ட்யூப்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் மின்சுற்றிலிருந்து நீக்கிவிட்டு 230 வோல்ட்டை நேராக ஹோல்டருக்குக் கொடுப்பது. மூன்றாவது, பட்டியையே கழற்றிவிட்டு எல்இடி பேட்டன் (பட்டியும் லைட்டும் ஒன்றாகவே வருவது) மாட்டுவது. தகரப் பட்டி துருப்பிடித்திருந்தால், ஹோல்டர் நொறுங்குகிற நிலையில் இருந்தால், யோசிக்கவே வேண்டாம், பேட்டன் போடுங்கள். ஆனால் அந்தக் காலத்து எனாமல் பூசிய ரிஃப்ளெக்டரோடு கனமான பட்டி இருந்தால் அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ரிஃப்ளெக்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உள்ளே வயரை மாற்றிவிட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ட்யூப் போனாலும் ட்யூப்பை மட்டும் மாற்றினால் போதும். பேட்டனில் டிரைவர் போனால் மொத்தத்தையும் இறக்க வேண்டும்.

வயர் மாற்றும் வேலை

வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைப் படித்துத் தெரிந்துகொண்டு, வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவாவது இது உதவும்.

சுவிட்சை அணைத்தால் போதாது. எம்சிபியை (போர்டில் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டோ ஃபியூஸை எடுத்துவிட்டோதான் ஏணியில் ஏற வேண்டும். நம் ஊர்ப் பழைய பட்டறைகளில் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பது சகஜம். சுவிட்ச் அணைந்திருக்கும், பட்டிக்குள் பேஸ் உயிரோடு இருக்கும். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டரில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். கெப்பாசிட்டர் இருந்தால் அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைச் சில நொடி பிடித்து, உள்ளே மிச்சமிருப்பதை இறக்கிவிடுங்கள்.

அடுத்து சோக், ஸ்டார்ட்டர் சாக்கெட், கெப்பாசிட்டர் மூன்றையும் கழற்றுங்கள். சோக்கைப் பட்டியிலேயே விட்டுவிட்டு வயரை மட்டும் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துப் பழைய இணைப்பு என்று நினைத்துவிடுவான்.

இப்போது கையில் இருக்கும் எல்இடி ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள். முனைக்குப் பக்கத்தில் இணைப்புப் படம் அச்சடித்திருப்பார்கள். அட்டைப்பெட்டியிலும் இருக்கும். ஒரு வகையில் பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையின் இரண்டு முள்ளுக்கு. மறுமுனை பிடிமானத்துக்கு மட்டும். இன்னொரு வகையில் பேஸ் ஒரு முனைக்கு, நியூட்ரல் மறுமுனைக்கு. கடையில் இரண்டும் ஒரே உயரத்தில் ஒரே விலையில் அடுக்கியிருக்கும். பட்டறைக்கு ஒரே வகையாக வாங்குங்கள், கலக்காதீர்கள்.

நான் வாங்கச் சொல்வது ஒரே முனை வகை. இரு முனை வகையில் விலை மலிந்த ட்யூப்பாக இருந்து, ஒரு பக்கத்தை லைவ் ஹோல்டரில் செருகிவிட்டு மறுபக்க முள்ளை விரலால் பிடித்தால் ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு. தறிக்கூடத்தில் லைட் மாற்றுவது பெரும்பாலும் வயர்மேன் இல்லை. ஓட்டுகிற ஆளே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றுவார், மெயினை அணைக்கவும் மாட்டார். அவரை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரே முனை வகையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில ட்யூப்களில் மறுமுனையின் இரண்டு முள்ளும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ட்யூப்பைத் தலைகீழாக மாட்டினால் பேஸும் நியூட்ரலும் நேராக மோதி எம்சிபி விழும். அதனால் கரண்ட் வரும் ஹோல்டர் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு, ட்யூப்பின் அந்த முனையிலும் ஒரு பொட்டு வையுங்கள். ஒரே ஹோல்டரில் இரண்டு கம்பிக்கும் நடுவே முழு 230 வோல்ட் நிற்கப் போவதால் பழைய ஹோல்டரை வைத்து ஒப்பேற்றக் கூடாது. புது ஹோல்டர் விலை சொற்பம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டரில் திருகுங்கள். தகரப் பட்டிக்கு எர்த் கட்டாயம்: பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள்.

மூடியை மூடும் முன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: “எல்இடி மட்டும். சோக் இல்லை. நேரடி 230 வோல்ட்.” இதைத் தவறாமல் செய்யுங்கள். நேரடியாக 230 வோல்ட் போட்ட பட்டியில் யாராவது பழைய ஃப்ளோரசன்ட் ட்யூப்பை மாட்டினால், அதன் இழை கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து போகும். கண்ணாடி வெடிக்கவும் கூடும்.

எல்லாம் முடிந்து இரவில் சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மினுக்கென்று மங்கலாக எரிகிறதா? ட்யூப்பைக் குறை சொல்லாதீர்கள். சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும், இல்லாவிட்டால் சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கும். நியூட்ரலில் இருந்தால் பேஸை சுவிட்சுக்குக் கொண்டுவாருங்கள், இண்டிகேட்டர் என்றால் அது இல்லாத சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

லேத் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது

ஒரு லேத் பட்டறை அண்ணன் போன் செய்தார். லைட் வேறு யாரோ மாற்றிக் கொடுத்தது. லேத்தில் பொருளைப் பிடித்துச் சுற்றும் தலைதான் சக், அதைக் கவ்வும் பற்கள் ஜா.

“தம்பி, வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சக் ஓடுதா நிக்குதான்னே தெரிய மாட்டேங்குதுப்பா.”

“எத்தனை ஸ்பீடுல ஓட்டுறீங்கண்ணே?”

“ஆயிரத்துல. த்ரீ ஜா சக். ஆறு ஜா இருக்கற மாதிரி அப்படியே நிக்குது.”

“ஓட்டாதீங்கண்ணே, ஆஃப் பண்ணிடுங்க. நான் வந்துடறேன்.”

இது கண்ணின் கோளாறு இல்லை. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. மோசமான டிரைவர் உள்ள எல்இடி நொடிக்கு 100 முறை அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுற்றுகிற பொருளை அது துண்டு துண்டாகக் காட்டும். ஃபோர் ஜா சக் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 25 சுற்று. ஓர் இடத்தை நொடிக்கு 100 ஜா கடக்கும். லைட்டும் 100. ஒவ்வொரு முறை வெளிச்சம் வரும்போதும் அதே இடத்தில் ஒரு ஜா இருப்பதால், சக் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். த்ரீ ஜா சக்குக்கு இது 2000 சுற்றில் நடக்கும். 1000 சுற்றில் ஒரு வெளிச்சத்துக்கு அரை இடைவெளிதான் நகரும், அதனால் ஆறு ஜா தெரியும். அண்ணன் பார்த்தது அதைத்தான். பழைய ட்யூப்லைட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. ஆனால் அதன் உள்பூச்சு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும், முழுசாக அணையாது. டிரைவரில் சிக்கனம் பிடித்த எல்இடி கிட்டத்தட்ட முழுசாகவே அணைந்து எரியும்.

வாங்கும் முன்பே கடையில் சோதிக்கலாம். ட்யூப்பை எரிய விட்டு மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். வெளிச்சம் படபடவென்று அடித்தால் வேண்டாம். மொபைலில் அந்த வசதி இல்லையா? வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குச்சியை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் நல்ல ட்யூப். தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் லேத், டிரில்லிங், கிரைண்டர் எதன் மேலும் அதை மாட்டாதீர்கள். பெட்டியில் ஃப்ளிக்கர் ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அதோடு ஒவ்வொரு மெஷினிலும் 24 வோல்ட் டிசியில் ஓடும் ஒரு எல்இடி மெஷின் லேம்ப் வைப்பது நல்லது. நல்ல பவர் சப்ளையிலிருந்து வரும் டிசிக்குத் துடிப்பு இருக்காது, வெளிச்சமும் டூல் முனையிலேயே விழும். மூன்று பேஸ் உள்ள இடத்தில் அடுத்தடுத்த லைட்டுகளை வெவ்வேறு பேஸில் போடுவது பழைய மேஸ்திரிகளின் முறை. ஒன்று அணையும் நொடியில் மற்றது எரியும் என்பதால் அதுவும் பலன் தரும். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பட்டிகளுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கும் என்பதை ஸ்டிக்கரில் எழுதியே ஆக வேண்டும்.

எத்தனை வெளிச்சம், எந்த நிறம்

லைட்டிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு லூமன். 36 வாட் பழைய ட்யூப்லைட் ஏறத்தாழ 2500 லூமன் தரும். ஆனால் அது சுற்றிலும் பரவும், பாதி கூரைக்குப் போய்விடும். 20 வாட் எல்இடி சுமார் 2000 லூமன்தான், ஆனால் மொத்தமும் கீழே வரும். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் மேஜையில் வெளிச்சம் குறையாது. கூரையும் மேல்சுவரும் இருட்டாகும், நிழலும் முன்பைவிட அழுத்தமாக விழும். அதனால் லைட் வேலை செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, மெஷின் பெட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3646 முரட்டு மெஷின் வேலைக்கு 300 லக்ஸ் (வேலை செய்யும் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), நடுத்தர வேலைக்கு 500, நுணுக்கமான வேலைக்கு 750 என்ற அளவில் சொல்கிறது. மொபைலில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு மேஜை மேல் வைத்துப் பார்த்தால் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒரு மதிப்பு கிடைக்கும்.

நிறத்தில் எல்லாரும் 6500 கெல்வின் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள். லேத்துக்கு அது பரவாயில்லை. சாயமும் நூலும் பொருத்திப் பார்க்கும் இடத்துக்கு, இளம்பிள்ளைப் பக்கம் சேலைக்கு நிறம் சேர்க்கிறவர்கள், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) 90க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சாதா எல்இடி ட்யூப்பில் அது 80 அளவில்தான் இருக்கும். சிவப்பு செத்துப் போய்த் தெரியும்.

கொலுசுப் பட்டறையில் ஒன்று கவனித்திருக்கிறேன். செதுக்குவதற்கும் மெருகு பார்ப்பதற்கும் வெளிச்சம் எத்தனை இருந்தாலும் போதாது என்பார்கள். ஆனால் பற்றவைக்கிற இடத்தில் அதே வெளிச்சம் தொந்தரவு. வெள்ளி சூடேறி மங்கின சிவப்புக்கு வருகிற நேரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் ஊதுகுழலைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் பளீரென்று எல்இடி இருந்தால் அந்தச் சிவப்பு தெரியாமல் வெள்ளி உருகிவிடும். அந்த மேஜைக்குத் தனி சுவிட்ச் வைத்து, ஊதும்போது அணைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

வெயிலும் மின்னலும்

எல்இடியைக் கொல்வது சூடு. டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான் முதலில் போகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கவே முடியாது, அங்கே பட்டியை ஒட்டி அடித்தால் எப்படித் தாங்கும்? சங்கிலி போட்டு ஓரடி இரண்டடி கீழே தொங்க விடுங்கள். தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசி பட்டி மேல் மெத்தையாகப் படியும். அதுவும் சூட்டைப் பிடித்து வைக்கும். மெயினை அணைத்துவிட்டு வாரம் ஒரு தடவை தட்டி விடுங்கள்.

அடுத்த எதிரி நியூட்ரல். மூன்று பேஸ் பட்டறையில் மெயின் நியூட்ரல் தளர்ந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 300, 350 வந்து நிற்கும், ஒரு வரிசை எல்இடி மொத்தமாகப் போகும். லைட் மாற்றும் நாளிலேயே போர்டில் நியூட்ரல் பார் ஸ்குரூ ஒவ்வொன்றையும் இறுக்கிவிடுங்கள். வெல்டிங் செட் ஓடும் பேஸில் லைட்டைச் சேர்க்காதீர்கள்.

ஏற்காட்டுக்குப் போனால் கதை வேறு. காபி எஸ்டேட் பல்ப்பர் ஷெட்டில் (காபிப் பழத்தின் தோல் உரிக்கும் கொட்டகை) பனியும் ஈரமும் ஹோல்டர் முள்ளைப் பச்சை பூக்க வைத்துவிடும். அங்கே பழைய பட்டியோடு மல்லுக்கட்டாமல் ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற குறி) என்று போட்ட, ரப்பர் அடைப்புள்ள பேட்டன் போடுங்கள். கோடை மழையில் இடி மின்னல் அதிகம் என்பதால் போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென்று எகிறும் வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) அவசியம். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது, எர்த் சரியில்லாமல் சர்ஜ் ப்ரொடெக்டர் வைத்துப் பயனில்லை. முதலில் எர்த்தை அளந்து பாருங்கள்.

கணக்கு

36 வாட் ட்யூப்போடு செம்பு சோக் இழப்பு பத்து வாட் அளவில் சேரும், மொத்தம் 46. எல்இடி 20. ஒரு பட்டிக்கு 26 வாட் மிச்சம். நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் ஆறரை யூனிட். இருபது பட்டி உள்ள தறிக்கூடத்தில் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் மிச்சம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்று 2023ல் உயர்த்தினார்கள். அதில் கால்வாசிக்கு மேல் இத்தனை நாள் பழைய லைட் வீணாகத் தின்றுகொண்டிருந்தது. வாங்கும்போது பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்ற அளவு) 0.9க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு ட்யூப்பில் 0.5 என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கழற்றிய ட்யூப்களை என்ன செய்வது

கழற்றிய ட்யூப்பைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள், குப்பையில் உடைத்துப் போடாதீர்கள். புது ட்யூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதைப் படுக்க வைத்துக் கட்டுங்கள். 2022 மின்கழிவு விதிகளில் இந்த ட்யூப்களும் அடங்கும். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். பத்து இருபது சேர்ந்த பிறகு, பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு சேர்ந்து ஒரே தடவையாகக் கொடுக்கலாம். சோக்கைப் பழைய இரும்புக் கடையில் போடலாம், உள்ளே செம்பு இருப்பதால் எடைக்கு விலை கிடைக்கும்.

தவறி ஒன்று உடைந்தால் ஃபேனை அணைத்துவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வைத்து எல்லாரும் பதினைந்து நிமிடம் வெளியே வாருங்கள். அப்புறம் கையுறை போட்டு, துண்டுகளை அட்டையால் ஒதுக்கி எடுத்து, பொடியை ஈரத்துணியால் ஒற்றி, துணியோடு சேர்த்து மூடி போட்ட டப்பாவில் அடைத்து அந்தப் பெட்டியோடு வையுங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்கினாலோ வேக்கூமில் இழுத்தாலோ பாதரசப் பொடி பட்டறை முழுக்கப் பறக்கும்.